எரிந்தால் வேலை செய்கிறது

அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டே பாலைத் தீய விடுவதற்குத் தனித் திறமை வேண்டும். இஸ்திரி அக்காவுக்கு அது தொழிலால் வாய்த்தது.

பார்லரில் சுருட்டை முடியை நேராக்குவது அவள் வேலை. துணி தேய்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு, கூட வேலை பார்க்கும் புருவக்காரி வைத்த பெயர் அது. வேலைக்கு வந்த புதிதில் கண் எரிந்தது. பிறகு தொண்டை கட்டியது. கடைசியாக மூக்கு. மூக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வேலைக்குத்தான் வருவதில்லை. டாக்டர், "வேற வேலை பாத்துக்குங்கம்மா" என்றார், வேறு சட்டை போட்டுக்கொள்ளச் சொல்வது போல.

கிரீமைக் கற்றை கற்றையாகப் பூசி, ஊறவிட்டு, உலர்த்தி, சூடான கருவியால் இழுத்தால் முடி நேராகும். இழுக்கும்போது கிளம்பும் புகை ஏழை பணக்காரர் பார்க்காது, எல்லோரையும் அழவைக்கும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் முதலாளியம்மா மட்டும் விதிவிலக்கு. ஜன்னலைத் திறந்தால் ஏசி வீண். மாஸ்க் கூடவே கூடாது.

"நீ மூக்கை மூடினா, எனக்கு ஏன் மூடலைன்னு வர்ற மேடமுங்க கேப்பாங்க. பதில் வச்சிருக்கியா?" என்பாள் முதலாளியம்மா.

கிரீம் பாட்டிலின் முன்பக்கம் ஒரு பச்சை இலை. எந்த மரத்து இலை என்று அச்சடித்தவரைத்தான் கேட்க வேண்டும். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அதை யாரும் படிப்பதில்லை. யாராவது கண்ணைக் கசக்கினால் சொல்வதற்கு முதலாளியம்மா ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தாள். வருடக்கணக்காகச் சொன்னதில் அது இஸ்திரி அக்காவின் வாயிலேயே குடிவந்துவிட்டது.

அவள் மகளுக்கு அப்பாவிடமிருந்து கிடைத்த ஒரே சொத்து சுருட்டை முடி. சின்ன வயதில் இளைப்பும் இருந்தது. அது போய்விட்டதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கல்லூரி ஆண்டு விழா நெருங்க, அவள் ஆரம்பித்தாள்.

"ஊருக்கெல்லாம் பண்றே. பெத்த பொண்ணுக்குப் பண்ண மாட்டியா?"

"உன் முடிக்கு என்னடி குறை?"

"பாத்திரம் தேய்க்கிற நார்ங்கிறாங்க."

"யாரு?"

"எல்லாரும். அதைக் குடுத்த அப்பாவும்தான்."

விஷயம் முதலாளியம்மா காதுக்குப் போனது. "கூட்டிட்டு வா. ஸ்டாஃப் பொண்ணுக்கு இலவசம்" என்றாள். அந்தச் சொல்லோடு மல்லுக்கட்ட இஸ்திரி அக்காவுக்குத் தெம்பில்லை. ஒரே ஒரு தடவைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஒரே தடவைக்கு வருபவர்களுக்குத்தானே தினமும் செய்கிறாள் என்பது மட்டும் ஓரத்தில் உறுத்தியது.

மகள் நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்தாள். அடுத்த நாற்காலியில் வங்கி மேலாளர் ஒருத்தி, தலையில் கிரீம் ஊறக் காத்திருந்தாள். இஸ்திரி அக்கா இடது பக்கத்தை இழுத்து முடித்தாள். கைக்கு அது மகளின் தலை என்று தெரியாது; தலை என்று மட்டும்தான் தெரியும். புகை கிளம்பியது. மகள் இருமினாள்.

"எரியுதும்மா."

"எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம், மேடம்."

புருவக்காரி கையிலிருந்த நூல் அப்படியே நின்றது. மகள் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். சிரிக்க வாயைத் திறந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை, மூச்சுத்தான் விசில் மாதிரி வந்தது. குழந்தையாக இருந்தபோது ராத்திரியெல்லாம் மடியில் கேட்ட சத்தம்.

இஸ்திரி அக்கா கருவியை அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். மகளை அங்கே நிறுத்தி, விசில் அடங்கும்வரை முதுகைத் தடவினாள். அப்புறம் தொட்டிக்குக் கூட்டிப்போய்த் தலையைக் கழுவத் தொடங்கினாள்.

"ஏம்மா, பாதியிலயே கழுவுறே?" என்றாள் வங்கிக்காரி.

"இவளுக்கு இளைப்பு உண்டு மேடம்."

"எனக்கும்தான் உண்டு. என்கிட்ட நீ கேக்கவே இல்லையே?"

அதற்கு முதலாளியம்மா வாக்கியம் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. "வாங்க மேடம், உங்களுக்கும் கழுவிடறேன்" என்றாள் இஸ்திரி அக்கா.

கண்ணாடிக் கதவு திறந்தது. "என்ன பண்ணிட்டிருக்கே நீ?"

"கழுவுறேன்."

"அது தெரியுது. ஏன்னு கேக்கறேன்."

"ஜன்னல் திறந்திருந்தாத்தான் இனிமே பண்ணுவேன். மாஸ்க்கும் வேணும்." சண்டைக்கு நிற்கிற குரல் இல்லை அது, கடைசி பஸ்ஸை விட்டவள் குரல்.

முதலாளியம்மா கணக்குப் போட்டாள். இந்தக் கை வேறு எங்கும் கிடைக்காது. மறு வாரமே ஜன்னல் ஒரு சாண் திறந்தது. மாஸ்க்கும் வந்தது, மேலே அதே பச்சை இலை அச்சடித்து. எதற்கு இது என்று கேட்பவர்களிடம், "ட்ரீட்மெண்ட்ல அதுவும் சேர்ந்ததுதான் மேடம்" என்றாள் முதலாளியம்மா, கூசாமல். மெல்லிய துணி. புகை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இஸ்திரி அக்காவின் கண் பழையபடி கலங்கியது. வேறு வேலை தேடித் தருவதாகப் புருவக்காரி சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னால் சொன்னதுதான், செய்வது வேறு விஷயம்.

மகள் விழாவுக்குப் பாதி கம்பி, பாதி நாராகப் போய், இதுதான் புது ஸ்டைல் என்று சாதித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் இஸ்திரி அக்கா அடுப்பு முன் நின்றிருந்தாள். மகள் உள்ளிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"பால் தீயுதும்மா. பக்கத்துலயே நிக்கறியே."

"உனக்கு உள்ள வரைக்கும் வாசனை வந்துச்சா?"

"தெரு வரைக்கும் வந்திருக்கும்."

"சரி" என்றாள் இஸ்திரி அக்கா. தீய்ந்த பாத்திரத்தை எடுத்து, நாரைத் தேடினாள்.