மாலாவின் பேர் இல்லாத பாட்டு

சுனாமி வந்த காலையில் அன்னக்கிளியின் பிடியிலிருந்து அவளுடைய ஏழு வயது மகள் மாலாவைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு அன்னக்கிளி மீன் கூடையைத் தொடவில்லை. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சோப்புக்கு உறை போடும் வேலைக்குச் சேர்ந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், பஸ் ஏறினாள். அழுகை மட்டும் வரவில்லை.

முன்பு அவள் மீன் கொடுத்துவந்த வீட்டுக்காரி லிலியான் மதாம், ஒருநாள் தன் அக்கா மகன் மாக்சிமை அழைத்துக்கொண்டு குப்பத்துக்கு வந்தாள். பாரிசுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், ராப் பாடுகிறவன். வேலை கிடைக்காத பையன்களைப் பற்றியும் போலீஸ் அடியைப் பற்றியும் பாடி அங்கே பேர் வாங்கியிருந்தான். அம்மா பிறந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்திருந்தான்.

"என்ன நடந்துச்சு அக்கா?" என்று தட்டுத்தடுமாறிக் கேட்டான்.

"கைய நான் விடல தம்பி. அதுவா நழுவிடுச்சு" என்றாள்.

அடுத்த வருஷம் அவன் கடற்கரையோரம் ஒரு மைதானத்தில் கச்சேரி வைத்தான். மீன் விற்கப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு வீடு கட்டுவதற்காக. அன்னக்கிளியை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகப் பாடிக்கொண்டே வந்தவன், "மாலா, கைய புடி!" என்றான். மைதானமே கையைத் தூக்கித் திருப்பிக் கத்தியது. பக்கத்தில் லிலியான் விம்மினாள். அன்னக்கிளி மேடை விளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்ததும் மாக்சிம் வியர்வையோடு இறங்கி வந்தான். "புடிக்கலையா அக்கா?"

"நல்லாத்தான் பாடனே தம்பி. அத்தினி பேரும் கத்தவும் அவ யாரோ வேற ஊட்டுப் புள்ள மாரி ஆயிட்டா. பேர எடுத்துடு."

"ஏ அன்னக்கிளி, ஒம் புள்ளைக்காகத்தான பாடறான்!" என்றாள் லிலியான்.

"தெரியும் மதாம். ஊட்ட கட்டட்டும். பேரு மட்டும் வேணாம்."

மாக்சிம் தலைகுனிந்து நின்றான். "பர்தோன், மன்னிச்சிடுங்க அக்கா" என்றான், மெதுவாக. பிறகு வந்த சிடியில் அந்த இடத்தில் வெறும் தாளம்தான் இருந்தது. கட்டி முடித்த வீட்டுப் பலகையிலும் 'பிள்ளைகள் வீடு' என்று மட்டுமே எழுதினார்கள்.

கம்பெனி லீவு விடும் நாட்களில் அன்னக்கிளி அங்கே போனாள். பெண் பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து, எண்ணெய் தடவிச் சடை பின்னிவிட்டாள். யாருடைய பேரையும் அவள் கேட்பதில்லை. சிக்கெடுக்கும்போது "வலிக்குதா?" என்று கேட்பாள், அவ்வளவுதான்.