உப்புச் சுவருக்கு இரண்டு கோட்டு

என் அக்காவின் கணவரை எங்கள் பக்கத்தில் 'காயட்டும்' என்றுதான் சொல்வார்கள். பெயிண்டர். சுவரில் முதல் கோட்டு அடித்து முடித்ததும் எந்த வீட்டுக்காரரும் ஒருமுறை முகம் சுளிப்பார். திட்டுத் திட்டாகத் தெரியும். மாமா பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "காயட்டும், அப்புறம் பாருங்க" என்பார். தொழிலுக்கு அது சரியான பேச்சு. அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்ததுதான் கோளாறு. மகள் வேறு கல்லூரிக்கு மாறவேண்டும் என்றாலும் காயட்டும், குழாய் ஒழுகினாலும் காயட்டும். ஒழுகுகிற குழாய் எப்படிக் காயும் என்று அக்கா கேட்பாள். அதற்கும் அதே பதில்தான் வரும்.

அக்காவுக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்று. கல்யாணமான புதிதில் பேருந்து ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்திருக்கிறாள். மரங்களுக்கு நடுவே வந்தது, போய்விட்டது. அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். "நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா? தண்ணி ஓரமா என் பக்கத்துல வந்து நில்லுங்க, கால் நனையட்டும்னுதானே கேக்கறேன்!" மாமா தலையை ஆட்டுவார். பெயிண்ட் சீசன் முடியட்டும், மழை முடியட்டும், பொண்ணு பரீட்சை முடியட்டும். எல்லாம் முடிந்தது, மகள் கல்யாணமாகி வெளியூர் போயாயிற்று. அக்கா இன்னும் கடலில் கால் வைக்கவில்லை.

மாமாவைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பெரிய பெரிய வீடுகளுக்குள் போய் வருகிறவர். பளிங்குத் தரை, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் பார்த்துவிட்டு வந்து சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுத் தூங்குவார். எவன் சொத்தைப் பார்த்தும் அவர் கண் கடுத்ததில்லை. ஆனால் சகலை ஒரு புதுச் செருப்பு வாங்கிவிட்டால் போதும், மூன்று நாளைக்கு வீட்டில் புகை மண்டும்.

சகலை என்றால் என் தங்கையின் கணவர். போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். வாய்ப்பேச்சில் கெட்டிக்காரர். போன வருடம் தங்கையைக் கூட்டிக்கொண்டு கடற்கரை ஊர் ஒன்றில் வாடகை வீடு எடுத்துத் தங்கிவிட்டு வந்தார். வந்ததும் ஒரு படத்தைக் கதவு அளவுக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். நீலச் சுவர், பெரிய ஜன்னல், ஜன்னல் நிறையக் கடல், நடுவில் தங்கை. அவள் அவ்வளவு அழகு என்று கூடப் பிறந்த எனக்கே அன்றுதான் தெரிந்தது.

கொடுமை என்னவென்றால், அந்தப் படம் மாட்டியிருந்த முன்னறைச் சுவருக்கு வண்ணம் அடித்தவர் மாமா. தங்கை வீடாயிற்றே என்று கூலி வாங்காமல் மூன்று கோட்டு அடித்தார். அதே சுவரில் சகலை ஆணி அடித்துக் கடலை மாட்டிவிட்டார்.

"பாருங்கண்ணே, செவுரு எவ்வளவு எடுப்பா இருக்கு" என்றார் சகலை. அவர் பாராட்டினாரா குத்திக்காட்டினாரா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மாமா விறுவிறுவென்று வண்டிக்கு வந்தார். ஏறி உட்கார்ந்ததும் என்னிடம் சொன்னார். "மச்சான், அந்த வீடு எதுன்னு கேட்டு வை. நாமளும் போறோம். அதே வீடு, அதே ஜன்னல்."

பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா குழந்தை மாதிரிக் கையைத் தட்டினாள். கூட்டிக்கொண்டு போவது தன் ஆசைக்காக என்று நினைத்துவிட்டாள். எனக்குத் தெரியும், அது புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொள்ளும் வேலை என்று. சொல்லவில்லை. எப்படியோ போனால் சரி என்று இருந்துவிட்டேன்.

என் வேனில்தான் போனோம். சாமான் ஏற்றுகிற சின்ன வேன். மாமாவின் ஏணியும் வாளியும் ரோலரும் அதில் நிரந்தரக் குடித்தனம். இறக்கி வைக்கலாம் என்றேன், இருக்கட்டும் என்றார். அக்கா மடியில் புதுச் செருப்புப் பெட்டி. மணலில் நடக்கத் தோதான செருப்பு என்று கடைக்காரன் சொன்னானாம்.

வீட்டுச் சாவி பக்கத்தில் இருக்கும் காவல்கார அம்மாளிடம் இருந்தது. அந்த அம்மாள் எங்கேயோ போயிருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு விட்டுப்போனது. கதவைத் திறந்ததும் ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த நாற்றம். மெத்தையில் உட்கார்ந்தால் கம்பி குத்தியது. மின்விசிறி சுற்றுவதைவிட முனகுவது அதிகம். குளியலறைக் குழாயைத் திறந்தேன், முதலில் காற்று வந்தது, அப்புறம் துரு வந்தது, தண்ணீர் வருமா என்று நான் காத்திருக்கவில்லை.

மாமா இதொன்றையும் கவனிக்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போனார். அதே ஜன்னல்தான். அதில் தெரிந்ததில் பாதி எதிர் மாடியின் தண்ணீர்த் தொட்டி. மிச்சத்தில் பாதி துணி காயப்போட்ட கம்பி. ஒரு கை அகலத்துக்குக் கடல். ஜன்னலைச் சுற்றிச் சுவரெல்லாம் உப்புப் பூத்துப் பொரிந்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. கீழே பச்சையாகப் பாசி.

"நம்ம ஏமாந்துட்டோமா?" என்றாள் அக்கா.

மாமா அவளை ஜன்னலோரம் நிற்கவைத்துப் பின்னால் பின்னால் நடந்து மூலைக்குப் போய்க் குனிந்தார். அங்கிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி அக்காவின் தலைக்குப் பின்னால் சரியாக மறைந்தது. தங்கை தலையும் அங்கேதான் இருந்திருக்கிறது.

"அடப்பாவி" என்றார் மாமா. "தொட்டிய மறைக்கத்தான் அவள நிக்க வெச்சிருக்கான். செவுத்துக்கு என்ன பண்ணான்? கம்ப்யூட்டர்ல பூசியிருக்கான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். அவளுக்கு நிம்மதி. வீடு எப்படி இருந்தால் என்ன, கடல் நடந்து போகிற தூரத்தில்தானே இருக்கிறது? புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு, "சரி வாங்க, போலாம்" என்று கதவருகில் போய் நின்றாள்.

மாமா சிரிக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். "அவன் பொய்யா பூசினான். நான் நெஜமாவே பூசறேன். மச்சான், ரோலர எடு."

உப்புப் பூத்த ஈரச் சுவரில் பெயிண்ட் நிற்காது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். எத்தனையோ வீட்டுக்காரர்களிடம், முதலில் ஈரத்தை நிறுத்துங்கள், அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள் என்று திரும்பி வந்திருக்கிறார். பொறாமை வந்தால் தொழிலும் மறந்துபோகும் போலிருக்கிறது. "படம் எடுக்கற வரைக்கும் நின்னா போதும்டா" என்றார்.

காவல்கார அம்மாளிடம் கேட்கப் போனேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தாராளமா அடிங்க. பக்கத்து ரூமும் அப்படித்தான் இருக்கு" என்றாள்.

முதல் நாள் சுரண்டுவதிலேயே போயிற்று. அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நடுநடுவே உள்ளே வந்து, "முடிஞ்சுதா?" என்பாள். "இதோ இந்த ஒரு செவுருதான்" என்பார். மறுநாள் காலையில் முதல் கோட்டு. போன வேலையில் மிச்சமான நீலம். திட்டுத் திட்டாகக் குடித்துக்கொண்டது சுவர். அக்கா மறுபடி வந்தாள், கையில் செருப்போடு.

"காயட்டும். ரெண்டாவது கோட்டு போட்டுட்டு ஜம்முனு போலாம்" என்றார் மாமா, திரும்பிப் பார்க்காமலே.

அக்கா அவர் முதுகையே கொஞ்சநேரம் பார்த்தாள். சட்டை நிறைய நீலச் சொட்டு. பிறகு செருப்பைச் சுவரோரம் வைத்துவிட்டு வெளியே போனாள். வாசலில்தான் உட்கார்ந்திருப்பாள் என்று நானும் நினைத்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

சாயங்கால வெயில் ஜன்னலில் சாய்ந்தபோது சுவர் நிஜமாகவே அழகாக இருந்தது. மாமா உள்ளே இருந்தபடியே கூப்பிட்டார், "ஏய், சீக்கிரம் வா, வெளிச்சம் போயிடும்!" அக்கா வந்தாள். முகம் சிவந்து, முடி கலைந்திருந்தது. நேராக ஜன்னலருகில் போய் நின்றாள். மாமா போனைத் தூக்கிப் பிடித்து, தொட்டியை மறைக்க அவளை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். "கொஞ்சம் சிரி" என்றார். சொல்வதற்கு முன்பே அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். என்ன சிரிப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் மாமா செய்த காரியம்தான் உச்சம். படத்தைப் பெரிதாக்கச் சகலையின் ஸ்டுடியோவுக்கே போனார். ஊரில் வேறு ஸ்டுடியோ இல்லையா? இருக்கிறது. ஆனால் அங்கே சகலையின் முகத்தைப் பார்க்க முடியாதே! எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். தங்கையும் அங்கே இருந்தாள்.

"உங்களோடதவிட ஒரு அடி பெருசா போட்டுக் குடுங்க தம்பி" என்றார் மாமா.

சகலை படத்தைத் திரையில் திறந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. திரையைப் பெரிதாக்கி, சுவரின் ஒவ்வொரு மூலையாகப் போய்ப் பார்த்தார். "வெளிச்சம் நல்லா விழுந்திருக்குண்ணே" என்று மட்டும் முணுமுணுத்தார். தான் கம்ப்யூட்டரில் பூசியதைத் தன் வாயால் சொல்லமுடியாதே. மாமா நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். ஒரு வருடப் புகைச்சல் அன்றைக்கு அடங்கியது.

தங்கை சுவரைப் பார்க்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். "அக்கா, இது என்ன, தரையெல்லாம் ஈரமா கால் தடம்?"

எல்லாரும் பார்த்தோம். கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் தடம். ஜன்னலடியில் அக்காவின் வெறும் பாதம், கணுக்கால் வரை மணல். மாமா அந்தப் படத்தை ஆயிரம் தடவை பார்த்திருப்பார். சுவரைத்தான் பார்த்திருக்கிறார்.

"நீ தண்ணியில எறங்குனியா?" தங்கையின் குரல் ஒருமாதிரி ஆகிவிட்டது.

"ஆமா. முட்டி வரைக்கும். அலை வந்து அப்படியே இழுக்குதுடி. காலுக்கடியில மண்ணு ஓடுது, விழுந்துடுவோம்னு பயமா இருக்கு, ஆனா கரையேறவும் மனசு வரல. மத்தியானம் பூரா நின்னேன்."

தங்கையின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பொறாமையில் கலங்கிய கண்தான், மறைக்க அவளுக்கு வரவில்லை. "இவரு என்னைக் கிட்டயே விடலக்கா. முடி கலைஞ்சிடும், துணி நனைஞ்சிடும், படம் கெட்டுடும்னாரு. அவ்வளவு தூரம் போயி, நான் கால்கூட நனைக்காம வந்தேன்." பிறகு கேட்டாள், "மாமா பிடிச்சுக்கிட்டாரா உன்னை?"

"மாமா செவுத்தப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு" என்றாள் அக்கா.

யார் முகம் இப்படிக் கறுக்கவேண்டும் என்று மாமா ஒரு வருடமாகத் தவம் கிடந்தாரோ, அந்த வீட்டு முகமே கறுத்துவிட்டது. ஆனால் அவர் அடித்த சுவருக்காக இல்லை. மாமா காலை இறக்கி வைத்தார். திரையிலிருந்த அந்த ஈரத் தடத்தையே பார்த்தார். சகலை மேல் அவருக்கு எத்தனையோ தடவை வயிறு எரிந்து நான் பார்த்திருக்கிறேன். தன் பெண்டாட்டி மேல் எரிந்து அன்றுதான் பார்த்தேன். அவ்வளவு பெரிய கடலை அவள் ஒருத்தியாகவே பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், வந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

மாமா நாற்காலியை அக்கா பக்கம் நகர்த்தினார். "சரி, அடுத்த மாசம் போலாம். நாம ரெண்டு பேரும். வீடெல்லாம் வேணாம். நேரா தண்ணிக்கே போலாம்."

அக்கா திரையில் இருந்த தன் கால்களைப் பார்த்தாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் நானும் இவளும் போறோம்" என்றாள். "உங்க கூடப் போறது... காயட்டும். அப்புறம் பாக்கலாம்."

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தங்கையும் பேருந்தில் கிளம்பிப் போனார்கள். சகலை காமிராவோடு வந்து நின்றார், தங்கை வேண்டாம் என்றுவிட்டாள். பேருந்து போனபிறகு மாமா என் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காப்பியை ஆறவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "அங்க ரெண்டு பேரும் என்னதான் பேசிக்குவாங்க மச்சான்?" என்றார். எனக்கென்ன தெரியும் என்றேன்.

எழுந்து போனார். வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். வெளியே சத்தம் கேட்டுப் பார்த்தால், கடலுக்குப் போனபோது இருக்கட்டும் என்ற ஏணி, வாளி, ரோலர் எல்லாவற்றையும் வேனிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி என் வாசலில் வைத்துக்கொண்டிருந்தார்.