எஸ்தர் அக்கா கதவைச் சாத்திய மத்தியானம்

செய்தியைக் கொண்டுவந்தவர் குர்தீப் சிங். செவ்வாய்க்கிழமை காலை ஜனக்புரியிலிருந்து சரோஜினி நகர்வரை ஸ்கூட்டரில் வந்து, என் வீட்டுக் கதவைத் தட்டி, யாரென்று நான் கேட்கும் முன்பே தன் பெயரை உரக்கச் சொன்னார். என் வீட்டு வாசலில் எப்போதும் அப்படித்தான் செய்வார். திறந்தேன். தலைப்பாகைக்குக் கீழே கண்கள் சிவந்திருந்தன. "தீதி சலீ கயீ," என்றார். எஸ்தர் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார்.

வங்கியில் அவர் எனக்குப் பக்கத்து மேசை. கல்யாணம் ஆகும்வரை அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். நம் தமிழ்ச் சபையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. யார் முகத்தையும் ஒரு கணம் கூடுதலாகப் பார்க்கும் அவர் வழக்கத்தை நாம் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்! "க்யா தேக் ரஹீ ஹோ, பெஹன்ஜி?", அப்படி என்ன பார்க்கிறீர்கள் என்று பஸ் கண்டக்டர்கூடக் கேட்டிருக்கிறான்.

அந்தப் பார்வையின் காரணம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் எனக்குத் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். இத்தனை தீர்க்கதரிசனங்கள் இருந்தும் அந்தக் கால யூத ஜனங்களுக்கு மேசியாவை அடையாளம் தெரியவில்லையே என்று ஒருவர் அங்கலாய்த்தார்.

"அவங்களை மட்டும் ஏன் சொல்லுதிய? நாம கண்டுக்கிட்டிருப்போமாக்கும்?" என்றார் அக்கா. "எதுத்த வீட்டுத் தச்சன் மவன் வந்து நாந்தான் அவருன்னா, 'கட்டில் கால் ஆடுது, அதை மொதல்ல பாருடே'ன்னு சொல்லியிருப்பேன் நான்."

எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்காவ எல்லாரும். வசனம் தெரியாதவங்களா அவரைத் தவற விட்டாங்க? ராப்பகலா வாசிச்சு, வருவாரு வருவாருன்னு காத்துக் கெடந்தவங்கதான் விட்டாங்க. அதாம்ட்டி எனக்குப் பயம், எந்த முகத்துல வந்து நிப்பாரோன்னு பாக்கேன்."

அடுத்த வருஷம், எண்பத்து நான்கில், பிரதமர் சுடப்பட்டதற்கு மறுநாள் மத்தியானம்; நகரெங்கும் சீக்கியர்களைத் தேடித் தேடித் தாக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே டயர் எரியும் நாற்றம். தூரத்தில் கூச்சல் எழும், அடங்கும், இன்னும் கிட்டத்தில் எழும். அப்போது எங்கள் மாடி வீட்டில் குடியிருந்த குர்தீப் சிங்கின் மனைவி பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் கடைக்குப் போன அவர் திரும்பவில்லை. மேல் வீடு பூட்டிக் கிடந்தது. அக்கா அவருக்காக ஜெபித்துக்கொண்டே இருந்தார்.

கதவு தட்டப்பட்டது. சங்கிலியைப் போட்டபடியே இடுக்கு வழியாகப் பார்த்தோம். தாடை முழுக்கக் கீறல்களோடு, அலங்கோலமாக முடி வெட்டப்பட்ட ஒருவன். மூச்சு வாங்கியது. "மைன் ஹூன், தீதி," என்றான். நான்தான் அக்கா என்று மட்டும்.

"கௌன் மைன்?" என்றார் அக்கா, நான் என்றால் யார் என்று.

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். அக்கா அந்த முகத்தை ஒரு கணம் கூடுதலாகத்தான் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். நான் ஓடிப்போய் மேல் தாழ்ப்பாளையும் போட்டேன்.

காலடி மெல்ல மாடிப்படி ஏறியது. அந்தப் படிகளில் வெளிச்சம் வராது. மூன்றாவது படி பாதி உடைந்தது. புதிதாக வருகிற எவரும் அதில் தடுக்கி விழுவார்கள். இந்தக் கால் அங்கே ஒரு எட்டு எட்டி வைத்துத் தாண்டியது.

அக்கா தாழ்ப்பாளை இழுத்தார். "ஏட்டி, அது நம்ம சர்தார்ஜில்லா!"

வெறுங்காலோடு ஓடினார். சாவியும் இல்லாமல், பூட்டிய தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். பட்டப்பகலில், யார் காதில் விழும் என்று தெரியாத படிக்கட்டில், தன் பெயரைச் சொல்ல அவருக்குப் பயம். உயிர் தப்ப முடியை வெட்டி, தாடியை மழித்து, தலைப்பாகை இல்லாமல் வந்த அவரை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. கூட்டம் எங்கள் தெருவைக் கடந்து போனபோது அவர் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தார்.

அடக்கத்தின்போது போதகர் அக்காவை ஓர் உயிரைக் காத்தவர் என்றார். நீங்களும் தலையசைத்தீர்கள். உயிரோடு இருந்தால் அக்கா ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். "அவருக்காகத்தான் ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன். அவரே வந்து நின்னாரு, சாத்திட்டேன். அந்தப் படி உடையாம இருந்திருந்தா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவருடைய வேதாகமத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அவர் பயம் என்னிடம் இருக்கிறது. முகம் தெரியாத யாரையாவது இல்லை என்று அனுப்பிவிட்டால், கதவைச் சாத்திய பிறகும் என்னால் உள்ளே போக முடிவதில்லை. தாழ்ப்பாளில் கையை வைத்தபடி, அந்தக் காலடி எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.