இறுதிக் காட்சியைப் பாராத பெரியப்பா

எங்கள் இராசபாளையத்துத் திரையரங்கில், படப்பொறியிலிருந்து திரையை நோக்கிப் பாயும் ஒளிக்கற்றைக்குள் எப்போதும் பஞ்சு பறந்துகொண்டிருக்கும். நூற்பாலையில் முறைப்பணி முடித்தவர்கள் தலையைக்கூடத் தட்டிக்கொள்ளாமல் நேரே "கொட்டகை"க்கு வந்து அமர்வார்கள். மின்விசிறி சுழன்றதும் அவர்கள் முடியிலிருந்து எழும் மெல்லிழைகள் அவ்வொளியில் நீந்தி, கதைமாந்தரின் முகங்களுக்குக் குறுக்கே மிதந்து மறைவதைப் பார்த்தவாறே கதையைத் தவறவிட்ட நாள்கள் எனக்குப் பல உண்டு.

எண்பதுகளின் நடுப்பகுதியில், ஒரு கோடை விடுமுறையின்போது அங்கே வந்த விந்தையான நகைச்சுவைப் படம் ஒன்றின் பெயர் எனக்கு இப்போது நினைவில் இல்லை. அதில் சண்டை கிடையாது. நாயகன் என்று சுட்ட எவரும் கிடையாது. சிற்றூரில் வாழும் பதின்பருவப் பெண்ணொருத்தி தந்தையின் மிதிவண்டியில் ஊர் சுற்றுகிறாள். ஊராட்சித் தலைவரின் நாற்காலியில் ஆட்டைக் கட்டிவைக்கிறாள். தன்னைப் பெண்பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பாடச் சொல்கிறாள். எவ்விடத்தில் சிரிப்பது என்பது விளங்காமல் அரங்கமே திகைத்ததாம்.

அக்காலத்தில் ஒரு படத்துக்கான தீர்ப்பைத் தெருவே வழங்கும். பார்த்துத் திரும்புவோரை வழிமறித்து, "படம் தேறுமா, குடும்பத்தோட பாக்கலாமா" என்று வினவிய பின்னரே மற்றவர் கிளம்புவர். தேநீர்க்கடைக்காரர், "இதெல்லாம் ஒரு படமாலே? ஒரு அடி உண்டா, உதை உண்டா" என்று தள்ளிவிட்டார். அடுத்த வீட்டுத் துணிக்கடைக்காரரின் மனைவி பாத்திமா அக்காளோ, "சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோவுது. அந்தப் பிள்ளைக்கு எம்புட்டு வாயிங்க. நம்ம செண்பகத்த அப்பிடியே உரிச்சு வச்சிருக்கான்" என்றார். அன்பால் சொன்ன சொல்தான். ஆயினும் அது பெரியப்பாவின் செவியை எட்டிவிட்டது.

செண்பகம் என் தமக்கை. அவ்வாண்டு பள்ளியிறுதித் தேர்வில் தேறியிருந்த அவள், மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் பயில விரும்பினாள். அதற்குப் பெரியப்பாவின் இசைவு வேண்டும். திருவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் எழுத்தராயிருந்த அவர் சொல்லை மீறி எங்கள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை. "அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்பதற்கு மேல் என் தந்தையார் பேசி நான் கேட்டதும் இல்லை.

பெரியப்பா ஞாயிறுதோறும் தொடர்வண்டியில் வருவார். எங்களோடு உண்டு, பிற்பகல் காட்சிக்குப் போவார். அங்கிருந்தே மாலை வண்டியேறி ஊர் திரும்புவார். படம் முடியுமுன்னரே வண்டி வந்துவிடுமாதலால், கதை முற்றும் வேளையில் துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் படம் பார்த்தும் எந்தப் படத்தின் இறுதிக் காட்சியையும் அவர் கண்டதில்லை. "கடைசில என்ன இருக்கப்போகுது? ஒண்ணு கல்யாணம் நடக்கும், இல்லன்னா போலீசு வரும்" என்பார்.

இந்தப் படத்தையும் அவ்வாறே பார்த்தார். மறு ஞாயிறு எங்கள் வீட்டில் உண்ண அமர்ந்தவர், இலையைப் பார்த்துக்கொண்டே தீர்ப்புரைத்தார்: "வாயாடிப் பிள்ளைக்கு என்ன முடிவுன்னு படத்துலயே காட்டிட்டான். பெட்டியத் தூக்கிட்டு விடிகாலம் பஸ் ஏறி ஓடிட்டாள்ல. மதுரையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." இரசம் ஊற்றிக்கொண்டிருந்த அக்காள் கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள்.

பாத்திமா அக்காள் கொல்லைப்புறத்திலிருந்தே குரல் கொடுத்தார். "அண்ணாச்சி, அவ பரிச்சை எழுதத்தான போனா. சாயங்காலமே திரும்பி வந்துருதாளே. தாய்க்காரி கட்டிப்பிடிச்சு ஒரே அழுகை."

தூக்குச் சட்டியில் தேநீர் கொண்டுவந்த கடைக்காரர், "யாரு அழுதா? வெளக்கமாத்தால ரெண்டு வச்சால்லா" என்றார்.

"ஒரு சம்பவம், ரெண்டு சாட்சி, ரெண்டு விதமா இருக்கு. எங்க கோர்ட்டுல இது நிக்காது" என்று கை கழுவ எழுந்தார் பெரியப்பா. "செண்பகத்துக்காக நீங்களாச் சேத்துச் சொல்லுதிய."

அன்று மாலை அக்காள் அழவில்லை. துணி மடித்துக்கொண்டே என்னிடம், "ஏட்டி, அந்தப் படத்த நான் பாக்கக்கூட இல்ல. எவளோ பஸ் ஏறுனதுக்கு என்னைய எதுக்கு நிப்பாட்டுதாக?" என்றாள்.

எங்கள் ஊரில் ஓடி முடிந்த படங்கள் தகரப் பெட்டிகளில் அடைபட்டுச் சில வாரங்கள் கழித்துத் திருவில்லிபுத்தூருக்குப் போகும். கல்லூரிச் சேர்க்கை முடியவிருந்த அந்நாள்களில் நானும் அக்காளும் பெரியப்பா வீட்டில் இருந்தோம். அதிகம் பேசாத பெரியம்மா ஒருநாள், "நான் அந்தப் படத்தப் பாக்கணும், கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"பாத்த படத்த எவனாவது ரெண்டாந்தடவ பாப்பானா?"

"அத முழுசாப் பாத்தவிய சொல்லணும்."

பெரியப்பா சட்டையை மாட்டினார்.

நாங்கள் நால்வரும் ஒரே வரிசையில் அமர்ந்தோம். திரையில் அந்தப் பெண் பெட்டியுடன் பேருந்தில் ஏறினாள். அந்நொடியில், எவரோ அழைத்தாற்போல, பெரியப்பா எழுந்து துண்டை உதறினார். பெரியம்மா அதன் நுனியைப் பற்றி இழுத்து, "உக்காருங்க. இங்க எந்த ரயிலப் பிடிக்கப்போறிய?" என்றார். பின்வரிசை சிரித்தது. அவர் அமர்ந்தார்.

திரையில் பகல் மெல்லச் சாய்ந்தது. வெறிச்சோடிய சாலையில் புழுதி கிளப்பிவந்த பேருந்திலிருந்து அப்பெண் இறங்கி, வீட்டுக்குள் நுழைந்து, பெட்டியை மூலையில் வைத்துவிட்டு, "சோறு இருக்கா" என்று கேட்டாள். தாய் அழவில்லை, அடிக்கவும் இல்லை. முகத்தைத் திருப்பாமலே சோற்றுப் பானையை அவள் பக்கம் நகர்த்தினாள். அவ்வளவில் விளக்குகள் எரிந்தன. கூட்டம் கலைந்த பின்னும் பெரியப்பா வெண்திரையையே நோக்கியிருந்தார். படம் முடிந்தபின் எழுந்து செல்லும் முறை அவருக்குப் பழக்கமில்லாதது போலிருந்தது.

சுண்டும் பாலும் நெய்யும் மணக்கும் பால்கோவாக் கடைத்தெரு வழியே, கோபுரத்தின்மீது இருள் இறங்கும் வேளையில், நடந்தோம். பெரியப்பா திடுமென்று கேட்டார்: "ஏட்டி செண்பகம், மதுர ஆஸ்டல்ல சோறு ஒழுங்காப் போடுவாகளா?"

"கேட்டுச் சொல்லுதேன் பெரியப்பா." ஊரே வாயாடி என்ற அக்காள் அன்று அவ்வளவோடு நடையை எட்டிப் போட்டாள்.

இன்று இராசபாளையத்து அந்த அரங்கு நின்ற இடத்தில் திருமண மண்டபம் எழுந்துள்ளது. பெரியப்பா வண்டியேறிய குறுகிய இருப்புப்பாதை அகலப்பாதையாகிவிட்டது. பெரியப்பாவும் பெரியம்மாவும் இல்லை. படத்தைப் பற்றிய கருத்துகள் இப்போது முதற்காட்சி முடியுமுன்னரே கைப்பேசியில் வந்து குவிகின்றன. தெருவில் மறித்துக் கேட்பார் எவருமில்லை. அப்படத்தின் பெயரை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். அப்படி ஒன்று வந்ததாகவே ஒருவரும் சொல்லவில்லை.

மதுரைக் கல்லூரியொன்றில் கற்பித்து ஓய்வுபெற்ற அக்காளிடம் சென்ற மாதம் பேசியபோது, அந்த இறுதிக் காட்சியாவது நான் கண்டவாறே நினைவிருக்கிறதா என்று வினவினேன்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் எங்க திரையப் பாத்தேன்? பெரியப்பா மூஞ்சியையில்ல பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.