புருவ ராணி லென்ஸ் போட்ட கதை

நாற்பத்தேழு வயசை முப்பத்தெட்டு என்று சொல்லிக்கொண்டு திரிவது ஒன்றும் உலக அதிசயமில்லை. ஆனால் நம்ம புருவ ராணிக்கு அதுதான் பிழைப்பு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துப் புருவம் எடுத்தாளென்றால் அவளை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும். இளமையை விற்கிற கடையில் முதலாளியே மூக்குமேல் கண்ணாடியோடு நின்றால் எவள் படியேறுவாள்? அந்தப் பயத்தில் நாலு வருஷத்தை ஓட்டிவிட்டாள். ஷாம்பு பாட்டிலில் விலை பார்க்கக் கையை நீட்டு நீட்டென்று நீட்டுவாள். புருவத்தை அப்படி நீட்டிப் பார்க்க முடியுமா? கைப்பழக்கத்தை நம்பி, குத்துமதிப்பாக இழுத்துவிடுவாள். தூரப் பார்வையும் கலங்கல்தான், தான் எடுத்த புருவம் தெருவில் எதிரே வந்தாலும் சரியாகத் தெரியாது.

"கண்ணாடியப் போட்டுத் தொலையேன், உன்னை யாரு இப்போ பொண்ணு பார்க்க வர்றாங்க?" என்பார் வீட்டுக்காரர். சொன்ன அன்றைக்கு அவருக்குக் காபி கிடையாது.

அப்போதுதான், நாலு வருஷமாக இவளிடமே புருவம் எடுத்துக்கொள்ளும் ஜவுளிக்கடை முதலாளியம்மா வந்து நின்றாள். "பொண்ணு கல்யாணத்துக்கு எங்க வீட்டுப் பொம்பளைங்க அத்தனை பேரும் உன்கிட்டதான். அடுத்த மாசம் வர்றேன், முதல்ல எனக்கு எடு, பார்த்துட்டுச் சொல்றேன்." எதிரே புதுசாக ஒரு பார்லர் வேறு முளைத்திருந்தது. இந்த ஆர்டர் கைநழுவினால் கடையை மூட வேண்டியதுதான். ராணி அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"கண்ணாடியே வேண்டாம்னா கண்ணுல ஒட்டிக்கிற கான்டாக்ட் லென்ஸ் இருக்கு, அதுல ரெண்டு வழிக்கா," என்றாள் அங்கே லென்ஸ் கொடுக்கிற பெண். "ஒரு கண்ணுக்குக் கிட்டப் பார்க்கிற லென்ஸ், இன்னொண்ணு தூரம் பார்க்க."

"நான் என்ன கோழியா, ஒரு கண்ணு இங்க, ஒரு கண்ணு அங்கன்னு பார்க்க?"

"அப்போ மல்டிஃபோகல். ஒரே லென்ஸ்ல கிட்டவும் தெரியும், தூரமும் தெரியும். பழகக் கொஞ்ச நாளாகும்."

"அதையே போடு. வயசைச் சத்தமாப் படிக்காதே."

பழகியது. பழகிய காலையில் கண்ணாடி முன் நின்றவள் அலறிவிட்டாள். அவளுடைய இடது புருவம் மேலே ஏறிக் கிடந்தது, வலது தூங்கி வழிந்தது. தெருவில் இறங்கினால் மருந்துக்கடை அக்காவுக்கும் அதே கோலம், டீச்சரம்மாவுக்கும் அதே கோலம். ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் எதையோ கேட்டு நம்பாத மாதிரியே நடந்துகொண்டிருந்தார்கள். அடிப்பாவி, நாலு வருஷமாக இதையா இழுத்துவிட்டோம்!

ஒருத்தி கூட ஏன் வாய் திறக்கவில்லை? எப்படித் திறப்பாள்? எல்லாரும் இவள் வயசுதான். வாசிக்கிற கண்ணாடி கைப்பைக்குள் பத்திரமாக இருக்கும். வெளியே எடுத்தால் மானம் போய்விடுமே! கலங்கலாகத் தெரிந்த முகத்தைப் பார்த்து "என்ன அழகு!" என்று உருகிவிட்டுப் போனவர்கள்தான் அத்தனை பேரும். பார்த்துப் பார்த்து அந்தக் கோணலே அவர்களுக்கு முகமாகிவிட்டது.

முதலாளியம்மா வந்து உட்கார்ந்தாள். ராணிக்கு ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. ஜென்மத்தில் எடுக்காத புருவம் எடுத்தாள். ரெண்டு பக்கமும் மயிரிழை பிசகில்லை. சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

முதலாளியம்மா தலையைப் பின்னுக்கு இழுத்து, கண்ணை இடுக்கி, கண்ணாடியில் பார்த்தாள். முகம் கறுத்தது.

"ஏம்மா, வலது புருவத்தை எங்க தூக்கிட்டுப் போயிட்டே? இப்படிக் கோணலாக்கி வச்சிருக்கியே! நான் எதிர்க்கடைக்கே போறேன். நீயும் கண்ணு தெரியலேன்னா வெட்கப்படாம ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கோ!"