கையில் போட்ட ஊசி

நான் ஆறாவது படித்தபோது, எங்கள் சைதாப்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசி போடப்போவதாகச் சொன்னார்கள். ஊசி என்றாலே எனக்குப் பயம். நல்லவேளையாக, அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு ஆடியோ வந்து சேர்ந்தது. அந்த ஊசி போட்டால் பெண்பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தையே பிறக்காதாம். பேசியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. கீரைக்கட்டைக்கூடப் பிரித்துப் பார்த்து வாங்கும் என் அம்மா, அதை அப்படியே நம்பினாள்.

ஊசி நாளன்று, ஆற்றோரத்து எங்கள் தெருப் பெண்கள் பாதிப்பேர் ஷேர் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். அம்மாதான் முதல் ஆள். வகுப்பிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். ஊசி தப்பியதே என்று நானும் சந்தோஷமாகப் போனேன்.

வாசலில் பெரியம்மா நின்றிருந்தாள். அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, பக்கத்து வீடு. தன் மகனுக்கும் ஊசி போட அழைத்து வந்திருந்தாள். அந்த அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது.

"எங்கடி இட்டுக்கினு போற?"

"வீட்டுக்குத்தான். ஊசி போட்டா நாளைக்கு இதுக்குப் புள்ள பொறக்காதாங்க்கா."

பெரியம்மா கத்தாமல் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"இவன் வயித்துல இருக்கசொல்ல எனக்கு ஒடம்பெல்லாம் செவந்து வந்துச்சே, இன்னா பண்ணோம்? ஆத்தா வந்துகீதுன்னு நீதான வேப்பில சொருவுன? எறங்கிடுச்சுன்னு தெருவுக்கே கூழு ஊத்துனோம். அந்த ரூபெல்லாதான் இவன் காத புடுங்கிக்கினு போச்சுன்னு அப்பால ஆஸ்பத்திரில சொன்னாங்களே, மறந்துட்டியா? சின்ன வயசுல எனக்கு இந்த ஊசி போட்டிருந்தா இவன் காது போயிருக்குமாடி?"

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அவன் என்ன சண்டை என்று புரியாமல் எல்லோருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா என் கையை விட்டாள்.

"போ, போட்டுக்கினு வா," என்றாள்.

பெற்ற தாயே இப்படிக் கவிழ்த்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம். தெருவுக்கே கேட்கும்படி அழுதேன். அண்ணன் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நர்சம்மா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். பெரியம்மா என்னை அருகே இழுத்து, யூனிபார்முக்கு மேலேயே என் வயிற்றை மெல்லத் தடவிக்கொடுத்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"கைதான் பெரியம்மா வலிக்குது, வயிறு இல்ல."

"தெரியும்டி," என்றாள். தடவுவதை நிறுத்தவில்லை.