என் எலிகளும் என் நாத்தனாரும்

அந்தச் சிறுவர் இதழின் அட்டையில் ஓர் எலி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தது. எலிக்குக் கண்பார்வை மங்கல்தான், அந்த அளவுக்குப் படம் சரி. பின்னால் சம்பா வயலின் நடுவே, பெரிய கொண்டை போட்ட ஒரு பெண்மணி கையில் மைக்கோடு நின்றிருந்தாள். கொண்டையும் என்னுடையது, தோளில் தொங்கிய பையும் என்னுடையது. என் மகன் அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்து, சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தான். பாடப்புத்தகம் தவிர வேறு எதையும் அவன் தானாக எடுத்துப் படித்து நான் பார்த்தது அன்றுதான். எழுதியவள் அவனுடைய அத்தை. அதாவது என் கணவரின் தங்கை, என் நாத்தனார்.

அதற்கு முந்தைய வருடம் நானும் எலியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் இத்தனை வருடமாகப் புழுங்குகிறேன் என்பது புரியாது. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவள் நான். கும்பகோணத்தைச் சுற்றியிருக்கிற ஊர்களில் என் செருப்பு படாத வரப்பு கிடையாது. புகையான், குருத்துப்பூச்சி என்று மற்றவர்கள் ஆளுக்கொரு பூச்சியைப் பிடித்துக்கொண்டபோது எனக்கு எலி வாய்த்தது. முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தேன். வளை வாசலில் குவிந்திருக்கிற மண்ணையும், உள்ளே அடுக்கிவைத்த கதிர்களையும், பல்லால் சாய்வாக அறுத்த தூரையும் பார்க்கப் பார்க்க அந்தப் பிராணி எனக்குப் பிடித்துப்போய்விட்டது. எல்லோருக்கும் புரிகிற மாதிரி அறிவியலைத் தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசையில், ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கரைத்து அந்தப் புத்தகத்தை எழுதினேன். ஒரு சின்ன அச்சகத்தில் அடித்துக் கொடுத்தார்கள். கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. டேபிள் ஃபேனைக் கொஞ்சம் உயர்த்திவைக்க மகன் அதில் நாலு பிரதி எடுத்துக்கொண்டான். மற்றபடி எங்கள் வீட்டில் அதற்கு வேறு உபயோகம் இருக்கவில்லை.

அட்டையில் இருந்த மைக்குக்கு ஒரு கதை உண்டு. திருவிடைமருதூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் எலித்தொல்லை பொறுக்க முடியாமல் போயிருந்தது. ஒருவர் வயலில் மருந்து வைத்து அடுத்தவர் வைக்காவிட்டால் எலி வரப்பைத் தாண்டிப் போய்விடும். ஊரோடு ஒரே நாளில் வைத்தால்தான் அடங்கும். ஆகவே கூட்டம் போட்டு, பூவரச மரத்தில் ஸ்பீக்கர் குழாய் கட்டி, வெள்ளிக்கிழமை காலையில் ஊர் முழுக்க எலி மருந்து வைக்கிறோம் என்று மைக்கில் அறிவித்தேன். எல்லோருக்கும் எட்ட வேண்டுமே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல, எதிரே இருந்த முகங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்து என் முழங்கையைத் தொட்டார்.

“மேடம், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க.”

“ஏம்மா, சரியா கேக்கலையா?”

“எங்களுக்கு நல்லாத்தான் கேக்குது. அதுக்கும் கேக்கும்ல.”

எங்கள் பக்கத்தில் வீட்டில் எலிக்கு மருந்து வைப்பதாக இருந்தால் யாரும் அதைப் பெயர் சொல்லிப் பேச மாட்டார்கள். “அந்த வேலையை இன்னிக்கு முடிச்சிடலாம்” என்பார்கள். சத்தமாகச் சொன்னால் எலி கேட்டுக்கொண்டு உஷாராகிவிடும், இல்லையென்றால் பட்டுப்புடவையாகப் பார்த்துக் கடித்துப் பழிதீர்த்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. அரசாங்க வேலையில் இருக்கிறவள், இதற்கெல்லாம் வளைந்து கொடுக்கலாமா என்று மைக்கை இன்னும் வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் போய் இறங்கினால் ஊரே சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமையே வைத்து முடித்துவிட்டார்களாம். “வெள்ளிக்கிழமைன்னு நீங்க சொல்லிட்டீங்க. அது வெள்ளிக்கிழமைக்குத் தயாரா இருக்கும். அதான் ஒருத்தர் காதுல ஒருத்தர் சொல்லி முந்திக்கிட்டோம்” என்றார் ஒருவர், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நின்று இதைப் பொருமிப் பொருமிச் சொன்னேன். என் கணவருக்கு எலி என்ற சொல் காதில் விழுந்தாலே போதும், “சாப்பிடுற நேரத்துல இது வேணுமா” என்று டிவி பக்கம் போய்விடுவார். மகனும் அவர் பின்னாலேயே எழுந்துவிடுவான். நாத்தனார் மட்டும் இருப்பாள். கும்பகோணத்தில் அவர்களுக்கு ஹார்டுவேர் கடை. ஞாயிறுதோறும் தாராசுரத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்ததும் கத்தரிக்காயை எடுத்துவைத்துக்கொண்டு, “இந்த வாரம் உங்க எலி என்ன பண்ணுச்சு அண்ணி?” என்பாள். அன்றைக்குச் சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அரிவாள்மணையை நகர்த்தி வைத்துவிட்டு, திரும்ப ஒருமுறை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். ஒருத்தி இப்படி உட்கார்ந்து கேட்கிறாளே என்று நானும் சொன்னேன்.

அதுதான் கதையாக வந்திருந்தது. வரப்பு ராணி என்று ஒரு பெண் எலி. மைக் மேடம் வெள்ளிக்கிழமை என்று முழங்கியதும் எலிகள் எல்லாம் மூட்டை கட்டத் தொடங்குகின்றன. வரப்பு ராணி மட்டும் புதன்கிழமை மாலை காதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். “மனுஷங்க மைக்குல பேசினா பயப்படாதே. மெதுவா பேசினாதான் பயப்படணும்” என்கிறாள். ஊரார் நாளை மாற்றியதை அவள் கண்டுபிடித்துவிடுகிறாள். வியாழக்கிழமை நொய்யரிசியும் கடலை எண்ணெயும் மணக்க மணக்க விருந்து வந்தபோது, ஓடப்போகிற தங்கையை வாலைப் பிடித்து நிறுத்துகிறாள். “நமக்கு வாந்தி வராதுடி. அதனால யோசிச்சுச் சாப்பிடணும்.”

இந்த இடத்தில் என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். “நெசமாவே எலிக்கு வாந்தி வராதாம்மா?” என்று என்னைக் கேட்டான். என் புத்தகத்தில் அது இருக்கிறது. ‘எலிகளுக்கு வாந்தியெடுக்கும் இயல்பு கிடையாது, எனவே அவை புதிய உணவைச் சிறிதளவே உண்டு, விளைவறியக் காத்திருக்கும்’ என்று நான் எழுதியிருக்கிறேன். இதனால்தான் முதலில் மருந்து கலக்காத இரையை வைத்துப் பழக்க வேண்டும் என்று அடுத்த பத்தியில் விளக்கமும் உண்டு. ஒரு பிழை கிடையாது. அந்த வரி அவன் படுக்கிற அறையில், ஃபேனுக்கு அடியில்தான் இருந்தது.

வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை எதுவும் எனக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு அவள் வந்தபோது கதையில் உள்ள தப்புகளைச் சொன்னேன். வாத்தியார் பரீட்சைத் தாளைத் திருத்துகிற சுறுசுறுப்பு எனக்கு வந்திருந்தது. முக்கியமான தப்பு ஒன்று. அவளுடைய கதையில் ஒரே வளைக்குள் அப்பா, அம்மா, சித்தப்பா, ஓரகத்திகள் என்று பெரிய குடும்பமே இருந்தது. வரப்பில் வளை தோண்டுகிற எலி அப்படிப்பட்டதில்லை. வளர்ந்த எலி ஒரு வளைக்கு ஒன்றுதான். குட்டிகள் பெரிதானதும் பிரிந்து போய்விடும். இதை நானே வளையை வெட்டிப் பார்த்திருக்கிறேன் என்றேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணி. ஆனா தனியா இருந்துச்சுன்னா அது யார்கிட்ட பேசும்?”

கதை அப்படியே இருந்தது, அதற்குப் பின்னால் பல கதைகள் வந்தன. எல்லாவற்றுக்கும் சரக்கு என் சமையலறையிலிருந்துதான் போயிற்று. எலியின் முன்பல் சாகிறவரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும் என்று நான் சொன்னால், வரப்பு ராணி கல்யாணத்துக்குப் போகுமுன் பூவரச மரத்தில் பல்லைத் தேய்த்துக்கொண்டாள். மீசையால் இருட்டில் வழி பார்க்கும் என்றால், மீசை ஒட்ட வெட்டிக்கொண்ட ஒரு மாப்பிள்ளை எலி வாய்க்காலில் விழுந்தது. பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களில் பிள்ளைகள் வால் கட்டிக்கொண்டு ஆடினார்கள். யாராவது ஒரு பெண்குழந்தை கொண்டை வைத்துக்கொண்டு மைக் மேடமாக வரும், அதற்குத்தான் கைதட்டல் அதிகம். என் மகன் பள்ளியில் எல்லோரிடமும், “எங்கம்மாதான் மைக் மேடம்” என்று பெருமையடித்துக்கொண்டான். என்னைப் பற்றி அவன் பெருமைப்பட்டது அதற்காகத்தான். ஓர் அதட்டல் போடலாம் என்று வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

பொறாமையில் ஒரு சௌகரியம் இருக்க வேண்டும். எதிராளியிடமும் ஏதாவது ஒரு குறை, ஒரு கர்வம், நம்மைப் பார்த்து ஒரு சின்ன எரிச்சலாவது இருந்தால், இரண்டும் சரியாகப் போயிற்று என்று நிம்மதியாக இருக்கலாம். நான் தேடாத இடமில்லை. என் படிப்பைப் பற்றி, என் வேலையைப் பற்றி, ஜீப்பில் போய் இறங்கியதைப் பற்றி அவளிடம் ஒரு சுருக்கென்ற பேச்சு வராதா என்று வருடக்கணக்கில் காத்திருந்தேன். “எங்க அண்ணிக்குத் தெரியாத எலியே கிடையாது” என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாளாம். அவள் வீட்டுக்காரர் சொன்னார். அவளுக்கு என்மேல் பொறாமையே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இரண்டாவது புத்தகம் எழுத உட்கார்ந்தேன். இந்த முறை உஷாராக இருந்தேன். வயல் எலியோடு நிறுத்தாமல், ஆய்வுக்கூடத்து எலிகளைப் பற்றி வெளிநாடுகளில் ஆராய்ந்திருப்பதை எல்லாம் கணினியில் தேடித் தேடிப் படித்தேன். அதில் ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. எலிக்கு வயிற்றில் கிச்சுக்கிச்சு மூட்டினால் அது ஒரு மாதிரிக் குரல் கொடுக்கிறது, நம் காதுக்கு எட்டாத உயரத்தில். கருவி வைத்து அந்தக் குரலைத் தாழ்த்திக் கேட்டால் கிட்டத்தட்ட சிரிப்பு. இத்தனை காலம் வரப்பில் நின்ற எனக்கு இது தெரியவில்லையே என்று அதை இன்னொரு முறை படித்தேன். முதல் அத்தியாயம் இதுதான் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் வழக்கம்போல் கேட்டாள். “இப்ப எலியெல்லாம் விட்டாச்சும்மா, முட்டிவலிதான்” என்று சொல்லிவிட்டேன். இந்த ஒரு புத்தகத்தையாவது எனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது.

போன மாதம் தஞ்சாவூரில் அவளுடைய கதைகளை மொத்தமாகத் தொகுத்து வெளியிட்டார்கள். நான் வந்தே தீர வேண்டும் என்று கார் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். மேடையில் பேசும்போது, தனக்கு எலியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அண்ணி சொன்னது என்று சொல்லி என்னை எழுந்து நிற்க வைத்தாள். கூட்டம் கைதட்டியது. ‘மைக் மேடம், மைக் மேடம்’ என்று பின்வரிசையில் பிள்ளைகள் கத்தினார்கள். விழா முடிந்ததும் அவளிடம் கையெழுத்து வாங்க வரிசை வாசல்வரை நின்றது. நான் ஒரு நாற்காலியில் எல்லோருடைய பைகளுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தேன். ரெட்டைச் சடை போட்ட ஒரு குழந்தை வரிசையை விட்டு என்னிடம் வந்தது.

“எலிக்கு நெசமாவே நாம பேசுறது கேக்குமா?”

“நல்லாக் கேக்கும். நமக்குக் கேக்காததுகூட அதுக்குக் கேக்கும்.”

“அப்படின்னா அது என்ன பேசிக்கும்?”

குழந்தையின் வாய் திறந்திருந்த விதத்தில் நான் அவிழ்ந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். கிச்சுக்கிச்சு மூட்டுவது, சிரிப்பு, கையை எடுத்துவிட்டால் அந்தக் கையைத் தேடிக்கொண்டு எலி பின்னாலேயே வருவது, எல்லாவற்றையும் சொன்னேன். என் விரல் பட்டதும் குழந்தையும் நெளிந்து சிரித்தது. ஒரு நிமிடம் எனக்கு உலகமே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது போலிருந்தது. குழந்தை திரும்பி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நாத்தனாரிடம் ஓடியது. “ஆன்ட்டி, எலி சிரிக்குமாம். மைக் மேடம் சொன்னாங்க. அதை அடுத்த கதையில எழுதுங்க ஆன்ட்டி.”

திரும்பி வரும்போது காரில் டிரைவரைத் தவிர நாங்கள் இருவர்தான். அய்யம்பேட்டை வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். நடவு முடிந்த வயல்களில் மாலை வெயில் கிடந்தது. அவள் மடியில் மாலையும் சால்வையும். சால்வையை மடித்து என் முட்டிமேல் போர்த்திவிட்டாள்.

“அண்ணி, அந்தப் பாப்பா சொன்னது நெசமா? எலி சிரிக்குமா?”

கட்டிலுக்கு அடியில் இருக்கிற கட்டுகளை நினைத்துக்கொண்டேன். இரண்டாவது புத்தகமும் அச்சாகும். அதுவும் அங்கேயே போய் உட்காரும். கணவர் டிவி பார்ப்பார். மகன் சென்னையிலிருந்து, நல்லா இருக்கும்மா என்று படிக்காமலேயே வாட்ஸ்அப்பில் அனுப்புவான். யார் வந்து, அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்கப்போகிறார்கள்? அவள் இன்னும் என் பக்கம் திரும்பியபடியே இருந்தாள், கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அதே மாதிரி.

“சிரிப்புன்னு சட்டுனு சொல்லிடக் கூடாது” என்று ஆரம்பித்தேன். அது பயந்துபோயிருக்கிற இடத்தில் அந்தக் குரல் வராது என்பதைச் சொன்னேன். மனிதர்களோடு கண்ணாமூச்சி ஆடக் கற்றுக்கொண்ட எலிகளைப் பற்றிச் சொன்னேன். கூண்டில் மாட்டிக்கொண்ட இன்னொரு எலியைக் கதவைத் திறந்து விடுவித்த எலியை, பக்கத்திலேயே சாக்லேட் இருந்தும் கூட்டாளி வெளியே வந்தபின் பங்கு போட்டுத் தின்றதைச் சொன்னேன். “அப்புறம் அண்ணி?” என்றாள். சொன்னேன். பாபநாசம் போனதே தெரியவில்லை. தாராசுரத்தில் கார் நின்றபோது எனக்கென்று மிச்சம் ஒரு எலிகூட இல்லை.